திரும்ப வரவேண்டிய பொருள்

இதைச் சொல்ல நான் சரியான ஆள்தானா என்ற சந்தேகம் எனக்கு உண்டு. அந்தக் குழு ஒன்பது முறை கூடியதா, பதினொரு முறையா என்பது இப்போது நிச்சயமாக நினைவில்லை. ஜி.எம். மாலத்தீவுக்குப் போனது மூன்று தடவை என்று நினைக்கிறேன். நான்கு என்று சாதிப்பவர்களும் கம்பெனி பஸ்ஸில் இருக்கிறார்கள். அங்கே எத்தனை நாள் மழை பெய்தது என்பதை மட்டும் தயங்காமல் சொல்வேன். அதை ஏசுபாதம் எழுதி வைத்திருந்தார். அவர் எழுதி வைத்த எதுவும் தப்பாக இருந்ததில்லை. தொல்லை ஆரம்பித்ததே அதில்தான்.

மறைமலை நகரில் கார்களுக்கு ரப்பர் வளையம் செய்து கொடுக்கும் கம்பெனி அது. ஏசுபாதம் அங்கே இன்கமிங் இன்ஸ்பெக்டர். வெளியிலிருந்து வரும் எந்தப் பொருளும் அவர் மேஜையைத் தாண்டித்தான் உள்ளே போக முடியும். சரியாக இருந்தால் பச்சை டேக் மாட்டுவார், இல்லாவிட்டால் ரெட் டேக். ரெட் டேக் மாட்டிய பொருள் இருபத்துநான்கு மணி நேரத்துக்கு மேல் காம்பவுண்டுக்குள் இருக்கக் கூடாது. மாட்டியவரைத் தவிர வேறு யாரும் அதைக் கழற்றக் கூடாது. முதலாளியானாலும் அதே விதிதான். ஒருமுறை ஜி.எம். வைத்தீஸ்வரனுக்கென்று வந்து இறங்கிய சுழல் நாற்காலியில் ஒரு சக்கரம் லேசாக இடறியது. ஏசுபாதம் ரெட் டேக் மாட்டினார். மாற்று நாற்காலி வரும்வரை ஜி.எம். ஒரு வாரம் விசிட்டர் நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார்.

டேக்கில் பதினாறு கட்டங்கள். ஒன்றும் காலியாக இருக்கக் கூடாது. பொருந்தாத கட்டத்தில் 'பொருந்தாது' என்றாவது எழுத வேண்டும். இருபத்தைந்து வருடமாக அவர் ஒரு கட்டத்தையும் காலியாக விட்டதில்லை. ஒரு நாளும் லேட்டாக வந்ததில்லை. அதிகம் பேசியதும் இல்லை.

பிப்ரவரியில் கம்பெனிக்கு வெள்ளி விழா. இத்தனை வருடத்தில் ஒரு லேட் பஞ்ச்கூட விழாதவருக்கு, அவர் விரும்பும் தீவு நாட்டுக்கு மனைவியோடு பத்து நாள் பயணம் என்று மேடையில் அறிவித்தார்கள். அப்படிப்பட்டவர் ஒருவர்தான் இருந்தார். எல்லோரும் கைதட்டினார்கள். ஏசுபாதம், கைதட்டுகிறவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மாலை பஸ்ஸில் பக்கத்து சீட்டில் பூவராகன். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். கோவளம் குப்பத்தில் பிறந்து வண்டலூரில் குடியிருப்பவன்.

"இன்னாண்ணா, மூஞ்சத் தொங்கப் போட்டுகினு கீற? ஃபாரின் டூர்ண்ணா!"

"இருபத்தஞ்சு வருஷத்துல இவங்க ஒரு குடை குடுத்திருக்காங்களா, பூவராகா? திடீர்னு தீவு குடுக்கிறாங்கன்னா..."

"தீவையா எழுதிக் குடுக்கறான்? பாத்துட்டு வரச் சொல்றான். வுடுண்ணா. பேஜார் பண்ணாத."

பெருங்களத்தூரில் இறங்கி வீடு வரும்வரை சந்தேகம் கூடவே வந்தது. ஆனால் விஷயத்தைக் கேட்ட பேபி, அடுப்பை அணைத்துவிட்டுக் கண்ணை மூடி நின்றாள். அவர்களுடைய ஒரே மகள் ஏஞ்சல், மாலத்தீவில் ஒரு சின்னத் தீவின் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஜூலை இரண்டாம் வாரம் பிரசவம். நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது, விமானத்தில் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மருமகன் ஜோஷ்வா சரக்குக் கப்பலில் வேலை. ஜூலையில் ஏதோ ஒரு கடலின் நடுவில் இருப்பான். பேபிக்கு இரண்டு முட்டியும் வலி. விமானம் இறங்கி, படகு மாறி, தனியாக அந்தத் தீவுக்குப் போய்ச் சேர அவளால் ஆகாது.

"கர்த்தர் கதவத் திறந்துட்டாருங்க."

"கதவு நம்ம கம்பெனிது. அதான் யோசிக்கிறேன்."

மாலத்தீவுப் பயணத்துக்கான விண்ணப்பத்தில் பதினான்காவது கட்டம் இப்படி இருந்தது: 'செல்ல விரும்பும் பருவம், அதன் தன்மை.' ஏசுபாதம் எழுதினார்: 'ஜூலை. தென்மேற்குப் பருவமழை. காற்றும் மழையும் இருக்கும்.'

எச்.ஆர். உதவியாளர் ஹில்டா அதை வாங்கிப் படித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அண்ணா, இந்தக் கட்டத்த மட்டும் அப்படியே விட்டுடலாமே. யாரும் படிக்க மாட்டாங்க."

"காலியா விடக் கூடாதும்மா."

வேறு யாராக இருந்தாலும் விட்டிருப்பார்கள்.

மூன்றாம் நாள் ஜி.எம். கூப்பிட்டார். வைத்தீஸ்வரன் எதையும் உட்கார்ந்து சொல்ல மாட்டார். எழுந்து, ஜன்னல் பக்கம் திரும்பி, வெளியே நிற்கும் லாரிகளிடம் சொல்வார்.

"ஏசுபாதம், இந்தக் கம்பெனி இதுவரை யாருக்கும் எதுவும் கொடுத்ததில்லை. முதல் தடவையாகக் கொடுக்கிறோம். கொடுத்துப் பழக்கமில்லை. அதனால் ரொம்ப ஜாக்கிரதையாகக் கொடுக்க வேண்டும். நாளைக்கு நீங்கள் திரும்பி வந்து, 'போனேன், மழை பெய்தது' என்று கேன்டீனில் சொன்னால் நனைவது நீங்கள் இல்லை. கம்பெனி."

"நான் சொல்ல மாட்டேன் சார்."

"சொல்ல மாட்டீர்கள். ஆனால் நீங்கள் சொல்லாமல் இருப்பதை நாங்கள் எப்படி ஆடிட் பண்ணுவது?"

அன்று மாலையே 'சிறந்த பருவத் தேர்வுக் குழு' அமைக்கப்பட்டது. தலைவர் வைத்தீஸ்வரன். மினிட்ஸ் எழுத ஹில்டா. மற்ற உறுப்பினர்கள் யார் எந்தக் கூட்டத்துக்கு வந்தார்கள் என்பது கூட்டத்தில் என்ன பலகாரம் என்பதைப் பொறுத்தது.

முதல் கூட்டத்தில் வெள்ளைப் பலகையில் பன்னிரண்டு மாதங்களையும் சாம்பிள் ஒன்று, சாம்பிள் இரண்டு என்று வரிசையாக எழுதினார்கள். வெப்பம் இருபத்தெட்டு டிகிரி, கூடினால் குறைந்தால் ஒரு டிகிரி. மேகம் கால் பங்குக்கு மேல் கூடாது. அலை முழங்காலுக்கு மேல் கூடாது. மழை பூஜ்யம். அந்தத் தீவில் மழையை அளக்கும் கருவிக்கு அளவுச் சான்றிதழ் இருக்கிறதா என்று ஒருவர் கேட்டார். அது நல்ல கேள்வி என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். ஜூலைக்கு மேல் சிவப்புக் காந்தம் ஒட்டப்பட்டது.

ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஏசுபாதம் அந்தக் காந்தத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு டிசம்பரில், முடிச்சூர் பக்கம் ஏரி உடைந்து வந்த தண்ணீரில் இடுப்பளவு நனைந்துகொண்டு, ரெயில்வே லைன் வழியாக நடந்து சரியாக ஏழு ஐம்பதுக்கு அவர் பஞ்ச் பண்ணியிருக்கிறார். அன்றைக்கு யாரும் பருவத்தைக் கேட்கவில்லை. இதைச் சொல்லலாமா என்று யோசித்தார். யோசித்து முடிப்பதற்குள் கூட்டம் முடிந்துவிட்டது.

மார்ச்சில் 'ஒய்-ஒய்' நடந்தது. கம்பெனியில் ஏதாவது பழுதானால், 'ஏன்' என்று ஐந்து முறை தொடர்ந்து கேட்டு வேர்க்காரணத்தைக் கண்டுபிடிக்கும் முறை அது. இதுவரை இயந்திரங்களுக்குத்தான் செய்திருக்கிறார்கள்.

"ஒய் நம்பர் ஒன்," என்றார் வைத்தீஸ்வரன். "மழை பெய்யும் என்று தெரிந்தே ஒருவர் ஏன் ஜூலையில் ஒரு தீவுக்குப் போக விரும்புகிறார்? தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது, இதில் ஏதோ இருக்கிறது என்று மேனேஜ்மென்ட் நினைக்கிறது."

"மகளுக்குப் பிரசவம் சார்."

"ஒய் நம்பர் டூ. ஏன் பிரசவம் ஜூலையில்?"

ஏசுபாதம் மேஜையைப் பார்த்தார். ஹில்டா பேனாவை மூடி மறுபடி திறந்தாள்.

"அக்டோபர்ல மருமகன் லீவுல வந்திருந்தாரு சார்."

"த்ரீ. ஏன் அக்டோபரில் வந்தார்?"

"கப்பல்ல அப்பதான் இறக்கி விட்டாங்க."

"ஃபோர். ஏன் அப்போது இறக்கி விட்டார்கள்?"

"தெரியாது சார்."

"தெரியாது என்பது வேர்க்காரணம் ஆகாது. போகட்டும். ஃபைவ். ஏன் கப்பல்காரருக்குப் பெண்ணைக் கொடுத்தீர்கள்?"



"பையன் நல்லவன் சார்," என்றார் ஏசுபாதம்.

மினிட்ஸில் இப்படிப் பதிவானது: 'வேர்க்காரணம்: சம்பந்தம் பேசும்போது தீவின் பருவநிலை கருத்தில் கொள்ளப்படவில்லை. உடனடித் திருத்தம்: காலம் கடந்துவிட்டதால் இயலாது. தடுப்பு நடவடிக்கை: இனி பணியாளர்கள் பிள்ளைகளுக்கு வரன் பார்க்கும்போது எச்.ஆர். துறையைக் கலந்துகொள்ளவும்.' அதை நோட்டீஸ் போர்டிலும் ஒட்டினார்கள்.

அடுத்த கூட்டத்துக்குப் பூவராகனை ஃபோர்க்லிஃப்டிலிருந்து இறக்கி, கடல் நிபுணர் என்று உட்கார வைத்தார்கள்.

"நீங்கள் மீனவக் குடும்பம். கடலுக்குச் சிறந்த பருவம் எது?"

"யாருக்கு சார்? எனுக்கா, மீனுக்கா?"

"பொதுவாக."

"பொதுவான்னு ஒரு காத்து கெடையாது சார். கச்சான் காத்து அடிச்சா ஒரு மீனு, வாடை அடிச்சா வேற மீனு. வூட்ல அரிசி இல்லன்னா போவோம். புயலுன்னா போவ மாட்டோம். அந்தாண்ட ஒரு பொண்ணு வலி எடுத்து ஒக்காந்துகினு கீதுன்னா, புயல்லயும் போவோம். இதுல குழு இன்னாத்துக்கு சார்?"

'நிபுணர் உறுதியான பதில் தரவில்லை' என்று எழுதச் சொன்னார் வைத்தீஸ்வரன். பிறகு எழுந்து, ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"பொருளைப் பார்க்காமல் டேக் மாட்டக் கூடாது. இது ஏசுபாதமே நமக்குக் கற்றுக்கொடுத்த பாடம். எனவே சாம்பிளை நேரில் பார்க்க வேண்டும். கஷ்டமான வேலைதான். நானே போகிறேன்."

ஏப்ரலில் ஜி.எம்.மும் பர்ச்சேஸ் மேனேஜரும் போனார்கள். விருது தம்பதிக்கானது என்பதால், தம்பதி நிலையில் சோதிப்பதற்காக மனைவிமார்களும் போனார்கள். பேபி கிளறிக் கொடுத்த பிரசவ லேகியத்தைப் போகும்போது கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லி ஹில்டா மூலம் அனுப்பினார் ஏசுபாதம். சோதனைக்குப் போகிறவர், சோதனைக்குரியவரிடமிருந்து எதையும் வாங்கக் கூடாது என்று டப்பா திரும்பி வந்துவிட்டது.

அந்த வாரம் ஏஞ்சல் போன் பண்ணினாள்.

"அப்பா, உங்க ஜி.எம். எங்க ஆஸ்பத்திரிக்கு வந்தாருப்பா. அரை டிராயர் போட்டுக்கிட்டு. வெயில்ல படுத்துக் கிடந்து முதுகெல்லாம் வெந்து போச்சு. நான்தான் மருந்து தடவினேன். என் வயித்தப் பாத்து, 'எப்போம்மா?'ன்னாரு. ஜூலைன்னேன். 'அடடா, அது நல்ல சீசன் இல்லையே'ன்னாரு."

"நீ யாருன்னு சொன்னியா?"

"சொன்னேன். 'சந்தோஷம், குழு பரிசீலிச்சுட்டிருக்கு'ன்னாரு." பிறகு கேட்டாள்: "நீங்க வருவீங்கல்லப்பா?"

ஏசுபாதம் போனைப் பேபியிடம் கொடுத்துவிட்டு வாசலுக்குப் போய் நின்றார்.

"மகள் கேட்டதுக்கு ஒரு பதில் சொல்ல மாட்டீங்களா?" என்று பேபி பின்னாலேயே வந்தாள். "எனக்கு இப்ப உங்க மேலதான் சந்தேகமா இருக்கு. போக இஷ்டமில்லாம இந்தக் கமிட்டியச் சாக்கு சொல்றீங்களோன்னு."

அவர் திரும்பிப் பார்த்தார். திருமணமாகி முப்பது வருடத்தில் பேபி அவரை அப்படிச் சொன்னதில்லை.

ஏப்ரல் அறிக்கை சுருக்கமாக இருந்தது: 'நன்று. ஆனால் நன்று என்பதை உறுதிசெய்ய, நன்றாக இல்லாத சாம்பிள் ஒன்றும் தேவை.' ஆகவே மே மாதமும் போனார்கள். அந்த அறிக்கை நீளம்: 'மூன்றாம் நாள் மாலை நாலு இருபதுக்கு மழை பெய்தது. தலைவர் அப்போது நீச்சல் குளத்தில் இருந்தார். நனைந்தார்.'

ஜூன் கடைசியில் முடிவு வந்தது. சிறந்த பருவம் பிப்ரவரி. ஏசுபாதம் தம்பதிக்கு அடுத்த பிப்ரவரியில் பயணம் அனுமதிக்கப்படுகிறது. அவர் ஜி.எம். அறைக்கு முன்னால் ஒரு மணி நேரம் நின்றார்.

"சார், விருது இருக்கட்டும். ஜூலைக்கு என் சொந்த லீவு இருபது நாள் குடுங்க. டிக்கெட்ட மகளே எடுத்து அனுப்புறா."

"ஒரே பயணத்துக்கு இரண்டு ஃபைல் இருக்க முடியாது ஏசுபாதம். இது பரிசீலனையில் இருக்கும்வரை அது நிலுவை."

"அப்ப விருது வேண்டாம் சார்."

"வேண்டாம் என்று சொல்ல அது உங்களுடையது இல்லையே. இன்னும் கொடுக்கவே இல்லை."

"சொல்லாம போயிட்டா?"

"வேலை போய்விடும். உங்களுக்கு ரிட்டையர்மென்டுக்கு நான்கு வருடம் இருக்கிறது, இல்லையா?" அக்கறையோடுதான் கேட்டார்.

வெளியே வந்த ஏசுபாதத்திடம் ஹில்டா ஃபைலை நோக்கியபடி, யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னாள். "ரூல் மூணாவது பக்கம் இருக்குண்ணா. ஒரு லேட் பஞ்ச் விழுந்தா விருது தானா ரத்து. ஃபைல் குளோஸ்."

மறுநாள் ஏசுபாதம் கம்பெனி பஸ்ஸை வேண்டுமென்றே விட்டார். ஜி.எஸ்.டி. ரோட்டில் கூட்டமான பஸ்ஸாகப் பார்த்து ஏறினார். மறைமலை நகரில் இறங்கி, டீக்கடையில் உட்கார்ந்து பேப்பரில் ஏலப் பக்கம்வரை படித்தார். கேட்டுக்கு வந்தபோது ஒன்பது இருபது. செக்யூரிட்டி ஆஸ்டின் ஓடி வந்து கதவைத் திறந்தான்.

"வாங்க சார். ஏழு அம்பத்திரண்டுன்னு எழுதிட்டேன்."

"தம்பி, மணி ஒம்பது இருபது."

"ஆடிட்டுக்கு வர்ற எல்லாருக்கும் உங்க ரெக்கார்டத்தான் முதல்ல காட்டறாங்க சார். உங்களுக்கு லேட் போட்டா என் வேலை போயிடும். நீங்க எப்ப வந்தாலும் ஏழு அம்பத்திரண்டு. மேலிடத்து ஆர்டர்."

இரண்டாம் நாள் பத்து மணிக்குப் போனார். ஏழு ஐம்பத்திரண்டு. மூன்றாம் நாள் சாப்பாட்டு நேரத்துக்குப் போனார். ஏழு ஐம்பத்திரண்டு. ஊழியர் அனைவரும் இவரைப் பின்பற்ற வேண்டும் என்று நோட்டீஸ் போர்டில் அவர் படத்தைப் போட்டார்கள்.

ஜூலை நாலாம் தேதி. மறுநாள் காலை பத்து மணிக்கு, பெரிய கார் கம்பெனியிலிருந்து ஆடிட்டர்கள் வருவதாக இருந்தது. தரையில் மஞ்சள் கோடுகளைப் புதிதாக அடித்திருந்தார்கள். ஏசுபாதம் சரியான நேரத்துக்கே வந்தார். வெளியிலிருந்து வந்து மேஜை மீது இருந்த ஒரு பெட்டிச் சரக்கைச் சோதித்து பச்சை டேக் மாட்டினார். பிறகு ஒரு ரெட் டேக்கை எடுத்து, தன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, நிதானமாக எழுதினார்.

பொருளின் பெயர்: ஏசுபாதம். எண்ணிக்கை: ஒன்று. பெறப்பட்ட இடம்: பெருங்களத்தூர். கண்ட குறை: ஜூலை மாதத்தில் இங்கே இருக்கத் தகுதியில்லை. சோதித்தவர்: ஏசுபாதம். இப்படிப் பதினாறு கட்டங்களையும் நிரப்பிக் கையெழுத்துப் போட்டு, அதைத் தன் சட்டைப் பித்தானில் மாட்டிக்கொண்டு, நிராகரித்த பொருள்களை வைக்கும் சிவப்புக் கட்டத்துக்குள் போய் நின்றார்.

பத்து நிமிடத்தில் வைத்தீஸ்வரன் வந்தார். பார்க்க லாரி எதுவும் இல்லாததால் அன்று முதல் முறையாக முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"என்ன இது? கழற்றுங்கள்."

"குறை சரியாகாம கழட்ட ரூல் இல்ல சார்."

"நான் கழற்றுகிறேன்."

"மாட்டினவர்தான் கழட்டணும் சார்."

வைத்தீஸ்வரனின் கை பாதி வழியில் நின்றது. அவருக்கு அந்த நாற்காலி நினைவுக்கு வந்திருக்க வேண்டும். இருபத்துநான்கு மணி நேரம் தாண்டிய ரெட் டேக்கை ஆடிட்டர்கள் பார்த்தால் ஆர்டரே போய்விடும். குழு அவசரமாக, நின்றபடியே, பலகாரம் இல்லாமல் கூடியது. அதில் அவர் பேசியது மினிட்ஸில் இருக்கிறது:

"ஒரு மனிதனை ஜூலையில் வெளியே அனுப்ப நம்மிடம் விதி இல்லை. ஒரு பொருளை அனுப்ப இருக்கிறது. விதி இருக்கும்போது நாம் ஏன் கல்நெஞ்சக்காரர்களாக இருக்க வேண்டும்?"

ஹில்டா கேட் பாஸ் புத்தகத்தோடு வந்தாள். "அண்ணா, இது திரும்ப வராத பொருளா, திரும்ப வரவேண்டிய பொருளா?"

"திரும்ப வரவேண்டியதும்மா. எத்தனை நாள் போடலாம்?"

"அதிகபட்சம் இருபத்தோரு நாள்ண்ணா."

"இருபத்தொண்ணே போடு."

நிராகரித்த பொருள் தானாக நடந்து போகக் கூடாது என்பதால் பூவராகன் ஃபோர்க்லிஃப்டைக் கொண்டுவந்தான். ஏசுபாதம் மரப்பலகை மீது ஏறி, டிபன் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"கெட்டியாப் புடிச்சுக்கோண்ணா. தூக்கறேன்."

எடை மேடையில் நிறுத்தி அறுபத்தெட்டு கிலோ என்று குறித்தார்கள். சரக்கு கேட்டில் ஆஸ்டின் பாஸை வாங்கிப் பார்த்துவிட்டு சல்யூட் அடித்தான். அவருக்கா, டேக்குக்கா என்று தெரியவில்லை. வாசலுக்கு வெளியே பலகை இறங்கியது. ஏசுபாதம் பெருங்களத்தூர் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை.

பிறகு நடந்ததைச் சொல்லி முடித்துவிடலாம். ஏசுபாதமும் பேபியும் ஜூலை ஐந்தாம் தேதி லேகியத்தோடு அந்தத் தீவில் போய் இறங்கினார்கள். இருந்த இருபது நாளில் பதினோரு நாள் மழை பெய்தது. பன்னிரண்டாம் தேதி காலை, நல்ல மழையில், ஏஞ்சலுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ரத்தப்போக்கு அதிகமாகி மகளை ஆபரேஷன் அறைக்குக் கொண்டுபோனபோது, அவள் கையைப் பிடித்துக்கொண்டு பேபி வாசல்வரை போனாள். இரண்டு மணி நேரமும் ஏசுபாதம் வெளியே நின்றார். தாயும் குழந்தையும் பிழைத்தார்கள். ஜோஷ்வா செப்டம்பரில் வந்து குழந்தையைப் பார்த்தான். பேபி அதன் பிறகு கணவரைச் சந்தேகப்பட்டதில்லை. ஹில்டா வேறு கம்பெனிக்குப் போய்விட்டாள். பூவராகன் அதே ஃபோர்க்லிஃப்டைத்தான் ஓட்டுகிறான். ஆஸ்டின் இன்னும் ஏழு ஐம்பத்திரண்டு என்று எழுதுகிறான். விருது ஃபைல் மூடப்படவில்லை. பிப்ரவரி சிறந்த பருவம்தானா என்று உறுதிசெய்ய வைத்தீஸ்வரன் பிப்ரவரியில் மனைவியோடு போய்வந்தார்.

இருபத்தோராம் நாள் காலை ஏசுபாதம் சரக்கு கேட் வழியாக உள்ளே வந்தார். எடை போட்டார்கள். அவரே தன்னைச் சோதித்து, ரெட் டேக்கைக் கழற்றி, பச்சை டேக் எழுதி மாட்டிக்கொண்டார். அந்த டேக் இப்போதும் ரெக்கார்டு அறையில் இருக்கிறது. திரும்பி வந்த பொருளில் கண்ட மாற்றம் என்ன என்று கேட்கும் பதினொன்றாவது கட்டத்தை மட்டும் அவர் காலியாக விட்டிருக்கிறார்.